தொழிலுக்கு எந்த மனசு வேண்டும்?

நம்மூர்ப் பேருந்து நிலையப் புத்தகக் கடைகளில் தன்னம்பிக்கை நூல்களுக்கு என்றைக்கும் கிராக்கிதான். புதுத் தொழில் தொடங்குகிறவருக்கு அவை சொல்லும் புத்திமதி பெரும்பாலும் ஒன்றே: ஜெயிப்பேன் என்று நம்பு, மற்றதெல்லாம் தானாக வரும். தொழிலுக்கு மனசு முக்கியம் என்பதை நானும் மறுக்கவில்லை. எந்த மனசு என்பதில்தான் வழக்கு. நம்பிக்கை, தொழிலில் இறங்குகிறவர்களிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. தட்டுப்பாடு வேறொன்றுக்கு.

அமெரிக்காவில் சொந்தத் தொழில் தொடங்கிய 2,994 பேரிடம் கூப்பர், வூ, டன்கல்பெர்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். முடிவு 1988இல் வெளியானது. உங்கள் தொழில் நிலைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதே கேள்வி. பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். பத்துக்குப் பத்து என்று அடித்துச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு. இதே மாதிரித் தொழிலை வேறொருவர் செய்தால் எப்படி என்று கேட்டபோது மட்டும், பத்துக்கு ஏழுக்குக் குறையாமல் கொடுத்தவர்கள் 39 சதவீதமாகச் சுருங்கிவிட்டார்கள். அந்த நாட்டில் புதிய தொழில்களில் ஏறக்குறைய பாதி ஐந்தாண்டுக்குள் மூடப்படுகின்றன. ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இன்னொரு செய்தி: நன்றாகத் தயாராகி வந்தவரும் அரைகுறையாக வந்தவரும் ஒரே அளவு நம்பிக்கையோடு இருந்தார்கள். ஆக, தேறுகிறவரையும் தேறாதவரையும் பிரித்துக் காட்ட நம்பிக்கை உதவாது.

அப்படியானால் எது உதவும்? மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்ற சின்ன நாட்டின் தலைநகர் லோமேயில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வுக்குழுவில் இருந்த மனோதத்துவப் பேராசிரியர் மிக்கேல் ஃப்ரேஸே, நான் இருக்கும் சிங்கப்பூரின் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1,500 சிறு வியாபாரிகளைக் குலுக்கல் முறையில் மூன்று கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்குக் கணக்கெழுதுவது, சந்தைப்படுத்துவது போன்ற வழக்கமான வணிகப் பாடம். இன்னொன்றுக்கு, யாரும் சொல்லாமல் முந்திக்கொள்வது, வரப்போவதை யோசித்து வைப்பது, தடை வந்தால் வேறு வழி தேடுவது ஆகிய பழக்கங்களில் பயிற்சி. மூன்றாவது கூறுக்கு எதுவுமில்லை. வகுப்பு மொத்தம் 36 மணி நேரம். பிறகு நான்கு மாதம், மாதம் ஒருமுறை பயிற்சியாளர் கடைக்கே போனார். இரண்டாண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், பயிற்சி பெறாதவர்களைவிடப் பழக்கப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. வணிகப் பாடம் படித்தவர்களுக்குக் கூடியது 11 சதவீதம். தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய அளவு. முடிவுகள் 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. பயிற்சி பெற்றவர்களில் ஒரு பெண் கல்யாண கவுன் வாடகைக்கு விடுகிறவர். கவுன் எடுக்க வருகிறவர்கள் கையுறைக்கும் முகத்திரைக்கும் வேறு கடை தேடி அலைவதை அவர் கவனித்தார். இரண்டையும் தன் கடையிலேயே வைத்தார். வியாபாரம் விரிந்தது அங்கிருந்துதான். தன்னால் முடியும் என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொண்டதில் அது வரவில்லை.

“வியாபாரம் ரத்தத்தில் இருக்க வேண்டும்” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. ரத்தம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் நீண்ட பயிற்சிதான். சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் நகரத்தார் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. நீளமான கூடம், அதில் லேவாதேவிக்காரர் ஆளுக்குக் கொஞ்சம் இடம், ஒரு மரப்பெட்டி, கணக்கெழுத ஒரு சிறு மேசை. பெட்டியடிப் பையனாக வந்து சேர்ந்தவன் அடுத்தாளாகி, மேலாளாகி, தனக்கென்று கடை வைப்பதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். யாரை நம்பிக் கொடுக்கலாம், எவ்வளவு போனால் தாங்கும், வராத பாக்கியை எப்படி வசூலிப்பது என்பதெல்லாம் அதற்குள் கைப்பழக்கமாகிவிடும். லோமேயில் 36 மணி நேரத்தில் தொட்டுக் காட்டியதை அந்தச் சமூகம் சிறு வயதிலிருந்தே ஊட்டி வளர்த்தது. கூடவே கடனும் கொடுத்தது.

கடன் என்றதும் வலுவான ஆட்சேபம் வரும். கையில் காசில்லாதவரிடம் மனசைப் பற்றிப் பேசுவது குரூரம் இல்லையா? நியாயமான கேள்வி. இலங்கையின் தென்பகுதியில் காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில் டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் ஆகியோர் சிறுதொழில் செய்வோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமான முதலை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முதலீடு ஆண்டுக்கு 55 சதவீதத்துக்கும் மேல் வருமானம் தந்தது. முதலுக்குப் பஞ்சம் என்பது மெய்தான் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் அந்த வருமானம் ஆண்கள் நடத்திய தொழில்களில் மட்டுமே வந்தது. பெண்களின் தொழில்களில் லாபம் ஏறவே இல்லை. இதற்குப் பெண்களைக் குறை சொல்ல முடியாது. லேஸ் பின்னுவது போன்ற, எவ்வளவு போட்டாலும் பெரிதாக வளராத தொழில்களில் பலர் முடங்கியிருந்தார்கள். வீட்டுச் செலவும் கைப்பணத்தை இழுத்துக்கொள்ளும். லோமேயிலோ பழக்கப் பயிற்சி பெற்ற பெண்களின் லாபம் 40 சதவீதம் உயர்ந்தது. மாற்றுச் சரக்கும் மாற்று வழியும் தேடக் கற்றுக்கொண்டது ஒரு காரணமாக இருக்கலாம். பணமும் வேண்டும், பழக்கமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர் இரண்டையும் கொடுக்க மனமில்லாதவர்.

முந்திக்கொள்ளும் துடிப்பு ஆளைக் கடனில் தள்ளாதா என்ற அச்சமும் உண்டு. சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், அனுபவப்பட்ட 27 தொழில் நிறுவனர்களிடம் ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு அவர்கள் ஆரம்பிக்கவில்லை. எவ்வளவு போனால் தாங்குவேன் என்பதையே அளவுகோலாக வைத்தார்கள். கிட்டங்கியில் பையன் பழகியதும் இதே பாடம்தான். நல்ல தொழில் மனசுக்குள் பயமும் அளவோடு இருக்கிறது.

தமிழ்நாட்டில் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான ‘நீட்ஸ்’ போன்ற அரசுத் திட்டங்களில் மானியத்தோடு பயிற்சியும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பயிற்சியில் திட்ட அறிக்கை தயாரிப்பதற்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது லோமேயில் சொல்லிக்கொடுத்த பழக்கங்களுக்குக் கொடுக்க வேண்டும். சான்றிதழ் கொடுத்து அனுப்பியதோடு நிற்காமல், பயிற்சியாளர் சில மாதம் கடைவாசலுக்கும் போய்வர வேண்டும். தொழில் தொடங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இருக்கிற வேலையை விடுமுன் வாங்கப் போகிறவர்கள் பத்துப் பேரிடம் பேசுங்கள். போனால் தாங்கக்கூடிய தொகையை ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் காட்டுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.