திருச்சிராப்பள்ளியில் சில இரவுகள்

சென்ற டிசம்பர்த் திங்களில் ஓரிரவு, திருச்சி வானூர்தி நிலையத்தின் வாயிலில் சிங்கப்பூர் விமானத்தை எதிர்நோக்கி நின்றோம். 2024 ஜூன் முதல் இயங்கிவரும் புதிய முனையம் அது. திருவரங்கத்துக் கோபுர வண்ணங்களை அங்கே தீட்டி வைத்திருக்கிறார்கள். நம் தமக்கையாரின் மகள், அவள் கணவர், பதினைந்து வயது மகன் ஆகிய மூவரும் வந்திறங்கினர். நான்கு மணி நேரப் பயணந்தான். அதே வேளையில் இங்கிருந்து சென்னைக்குப் பேருந்தில் புறப்பட்டவர் திண்டிவனத்தைத்தான் எட்டியிருப்பார்.

காரில் ஏறியதும் பேரன் கேட்டான்: “சாமி தாத்தா, இரவில் இவ்வூரில் என்ன இருக்கும்?”

அவன் பேசுவது பாடநூல் தமிழ். சிங்கப்பூரில் ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழும் ஒன்று; பள்ளியில் கற்கிறான். தெருவில் பேசிப் பழகாத தமிழாதலால் இலக்கணம் பிறழாமல் வந்து விழுகிறது. இரவு உணவுக்குப் பின்னும் ஊர் சுற்றுவது அவர்களுக்கு இயல்பு. அந்நாட்டு உணவங்காடிப் பண்பாட்டை 2020-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டதென்றும் பெருமையோடு சொன்னான்.

“ஒன்பது மணிக்குமேல் இங்கே நாய்கள்தாம் இருக்கும்” என்றோம். விளையாட்டாகச் சொன்னதன்று, நமக்குத் தெரிந்தது அவ்வளவே. இளமையில் இவ்வூர்க் குருமடத்தில் பயின்றபோது, இரவு மணி அடித்தபின் வாய் திறத்தலும் ஆகாது, வாயில் திறத்தலும் ஆகாது. அதன்பின் பங்குப் பணி. நகர எல்லையிலுள்ள பங்கில் இருந்துகொண்டும் இந்நகரின் இரவை நாம் அறியோம்.

பேரனின் வினா அது. அவன் அன்னைக்கு வேறு வினா இருந்தது. அதை அவள் அன்று வாய்விட்டுக் கேட்கவில்லை. பாலக்கரையில் உள்ள பழைய வீட்டில் நம் தமக்கையார் தனித்து வாழ்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது எழுபத்து நான்கு. ஐப்பசி மழையில் ஓரிரவு கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்த மருமகள் தாயை முத்தமிட்டுவிட்டு நேரே கிணற்றடிக்குச் சென்று, அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாயைத் தன்னோடு அழைத்துச் செல்லவே அவள் வந்திருந்தாள்.

இவ்விடத்தில் ஒன்றை ஒளிக்காமல் எழுதிவிடுகிறோம். தமக்கையார் இங்கேயே இருக்கவேண்டும் என்பதே நம் விருப்பம். வியாழன்தோறும் அவர் கையால் உண்பது நம் வழக்கம். பிறர்முன் நம்மைச் ‘சாமி’ என்று அழைப்பவர், அடுக்களையில் மட்டும் ‘தம்பி’ என்பார். அப்படி அழைக்க இவ்வுலகில் வேறொருவர் நமக்கு இல்லை. ஆகவே, ஊர் காட்டுகிறோம் என்று சொல்லி விருந்தினரை இரவுதோறும் அழைத்துச் சென்றதில் ஓர் உள்நோக்கமும் இருந்தது. இவ்வூரில் இரவிலும் மனிதர் விழித்திருக்கிறார்கள் என்று மருமகள் கண்டு தெளியட்டுமே!

முதல் இரவைக் கடிகாரம் தீர்மானித்தது. சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. அங்கே காலை ஆறு மணிக்கு எழுகின்ற பிள்ளை, இங்கே மூன்றரைக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டான். அன்று நாமும் அங்கேயே தங்கியிருந்தோம். அடுத்த வீட்டில் அடுப்பு எரியும் வெளிச்சம் தெரிந்தது, இருவரும் சென்றோம். அவ்வீட்டு அம்மையார் இட்லி விற்றுப் பிழைப்பவர். முன்மாலையில் ஆட்டிய மாவு பொங்கி நிற்க, தட்டில் துணி விரித்து முதல் ஈட்டை ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்குள் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டனர்: சந்தையில் சுமை இறக்கி வருவோர், பால் வண்டிக்காரர், ஆட்டோ ஓட்டுவோர், மருத்துவமனையில் இரவுப் பணி முடித்த ஒரு தாதி. கெட்டிச் சட்னியும் தூக்குவாளியில் சாம்பாரும் தவிர வேறொன்றும் இல்லை. பேரன் எட்டு இட்லி உண்டான். நாம் எத்தனை என்பது இங்கே வேண்டாம்.

“டீச்சரம்மா பேரனா? இவங்கள அன்னைக்கு நான்தான் தூக்கினேன்” என்றார் அவர். விழுந்த ஒலி கேட்டு ஓடிவந்திருப்பார் என்று நாமாக எண்ணிக்கொண்டோம். நம் வாதத்துக்கு ஒரு சான்று கிடைத்ததென்ற மகிழ்ச்சி வேறு.

இரண்டு நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்குமேல் காந்தி சந்தைக்குச் சென்றோம். பகலில் அங்கே செல்வோர் அதன் பாதியைத்தான் காண்கின்றனர். சரக்குந்துகள் வந்து சேர்வது இரவில். பெரம்பலூர், துறையூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயம், வடக்கே மராட்டியத்திலிருந்து வரும் பெரிய வெங்காயம், மேட்டுப்பாளையத்து வழியாக இறங்கும் மலைக் கிழங்கு ஆகியவை மூட்டை மூட்டையாக முதுகேறிச் சென்றன. சும்மாட்டை முறுக்கித் தலையில் வைத்து, கொக்கியால் மூட்டையை ஒரே இழுப்பில் தோளுக்குக் கொண்டுவரும் அந்த அசைவைப் பேரன் வாய் பிளந்து பார்த்தான். தானும் ஒன்றைத் தூக்கிப் பார்க்க விரும்பினான். அது நகரவும் இல்லை. சுமைகாரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, மூட்டையத் தூக்கக் கூடாது, அதுக்குக் கீழ போகணும்” என்று முறை சொல்லிக் கொடுத்தார். அந்த வாக்கியத்தை அவன் தன் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொண்டான்.

சந்தை நெரிசலைக் குறைக்க மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் பெரிய வளாகமே கட்டிப் பார்த்தார்கள். வணிகர் அங்கே குடியேறவில்லை. சிங்கப்பூரில் தெருவோரக் கடைக்காரர்களைப் படிப்படியாகக் கட்டடங்களுக்குள் குடியேற்றி முடித்துவிட்டனர் என்றார் மாப்பிள்ளை. அங்கே கடைகளுக்குத் தூய்மைத் தரம் குறித்த அட்டையும் தொங்குமாம். அது நல்லதே. ஆயினும் கூலி பெறுபவரின் வீடும், இட்லி விற்பவரின் அடுப்பும், மூட்டை இறங்கும் இடமும் நடை தொலைவில் இருப்பதால்தான் இவ்விரவு நடைபெறுகிறது என்பதையும் திட்டம் தீட்டுவோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

வாழைக்காய் மண்டியில் பூவன், ஏலரிசி, கற்பூரவல்லி, நேந்திரம் எனத் தார்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நாட்டின் வாழை ஆராய்ச்சி மையத்தை 1993-இல் திருச்சியில் நிறுவியது ஏன் என்பது அங்கே நின்றால் விளங்கும். மருமகள் கைகழுவும் மருந்தைப் பையிலிருந்து எடுத்தபடியே இருந்தாள். மறுநாள் பையனுக்கு வயிறு கெட்டது. பழி சந்தையின்மேல் விழுந்தது. பிறகு விசாரித்ததில், தமக்கையார் பண்டிகைக்காகச் சுட்டு டப்பாவில் வைத்திருந்த அதிரசத்தில் பதினொன்று குறைந்திருந்தது தெரியவந்தது!

மலைக்கோட்டை, தெப்பக்குளம், சின்னக்கடை வீதி ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை; நம் வாசகக் குடும்பங்கள் நம்மைவிட நன்கறிவர். தூய வளனார் கல்லூரியை ஒட்டிய லூர்து அன்னை ஆலயத்தின் ஊசிக் கோபுரத்தைக் கண்டதும், தங்கள் ஊரிலும் தமிழர்களுக்கென 1888-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம் உண்டென்று மாப்பிள்ளை சொன்னார். மெயின்கார்டு கேட்டருகே மைக்கேல் கடையில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தோம். மாணவப் பருவத்தில் சில்லறையை எண்ணி எண்ணி உண்ட அதே இனிப்பு.

திருவரங்கத்துக்குச் சென்ற இரவுதான் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. காவிரிப் பாலத்தைக் கடந்தால் தீவு, அப்பால் கொள்ளிடம். ஏழு சுற்று மதில்கள், இருபத்தொரு கோபுரங்கள். வெளிச் சுற்றுகளில் வீடும் கடையும் பள்ளியும் இருக்கின்றன. கோவிலைச் சுற்றி ஊர் என்பது எங்கும் உண்டு. கோவிலுக்குள்ளேயே ஊர் என்பது இங்கே. தெற்கு ராஜகோபுரம் பன்னெடுங்காலம் அடித்தளத்தோடு நின்றிருந்து, பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரத்தில் 1987-இல்தான் நிறைவுற்றது. கோவிலின் சீரமைப்புப் பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் விருது கிடைத்ததென்று சொன்னதும் பேரன், “அப்படியானால் எங்களுக்கு மூன்றாண்டு முன்பே!” என்று ஒப்புக்கொண்டான்.

வைகுண்ட ஏகாதசிக்கான பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. திண்ணைகளில் முதியோர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினர். காபிக் கடையில் டபராவோடு தந்த காபியை ஆற்றத் தெரியாமல் பையன் சட்டையில் ஊற்றிக்கொள்ள, அறியாத முதியவர் ஒருவர் எழுந்து வந்து ஆற்றிக் கொடுத்தார். அவரோடு பேச்சு வளர்ந்தது. நாம் இன்னார் என்று சொன்னோம். வேற்றுச் சமயத்தார் நின்றுகொள்ள வேண்டிய எல்லைவரை அவரே உடன் வந்தார். அங்கே அனைவரும் நின்றோம். அவ்வெல்லைக்கு அப்பால் நடப்பதை அவர் நின்றபடியே விளக்கினார். மடைப்பள்ளியில் நாள்தோறும் புதிய மட்பாண்டத்தில் சமைப்பது வழக்கம். துலுக்க நாச்சியார் என்னும் முகமதிய அரசகுமாரியின் பொருட்டு ரொட்டியும் வெண்ணெயும் படைக்கிறார்கள். நாளின் முடிவில், நடை சாத்துமுன், அரிசியும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த அரவணை படைக்கப்படுகிறது. “இருங்கோ” என்று உள்ளே சென்றவர் நெடுநேரம் கழித்து ஒரு தொன்னையோடு திரும்பினார். வழிபாட்டில் படைத்ததாதலால் அதை நாம் உண்பதில்லை. அவரும் அது அறிந்தவரே. “உங்களுக்கில்லை, இது பக்கத்து வீட்டுக் கிழவிக்கு, கண் தெரியாது. தினம் நான்தான் கொண்டு போகிறேன்; காட்டத்தான் வந்தேன்” என்றார். பாகின் நெய்மணம் மட்டும் நமக்குக் கிடைத்தது.

திரும்பும் வழியில் மருமகள் கேட்டாள்: “மாமா, இந்தத் தாத்தா ஒருநாள் போகவில்லையென்றால் அந்தப் பாட்டி என்ன செய்வார்?” நம்மிடம் விடை இருக்கவில்லை. கார் பாலத்தைக் கடக்கும்வரை காவிரியைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

கிறிஸ்து பிறப்பின் நள்ளிரவுத் திருப்பலியை நம் பங்கில் நிறைவேற்றி, குடில்முன் பிள்ளைகளுக்குக் கேக் வழங்கி, குடும்பத்தோடு பாலக்கரை சேர்ந்தபோது மணி ஏறக்குறைய மூன்று. ஆட்டுக்கறிக் குழம்பும் இட்லியும் இல்லாமல் நம்மவர்க்குத் திருநாள் விடிவதில்லை அல்லவா? அத்தெருவில் கத்தோலிக்க வீடுகள் பல. எல்லாரும் சொல்லிவைத்திருந்ததால் இட்லிக்கார அம்மையார் அன்று இரண்டு மணிக்கே அடுப்பு மூட்டியிருந்தார். மருமகள் பாத்திரம் ஏந்திச் சென்றாள். நாமும் உடன் சென்றோம். இட்லியை எண்ணிப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்:

“இன்னைக்கு மாதிரி அன்னைக்கும் ரெண்டு மணிக்கு எந்திரிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்மா. டீச்சரம்மா விழுந்தது ஒரு மணிக்கு. நான் எந்திரிச்சது மூணு மணிக்கு. ரெண்டு மணி நேரம் மழையிலயே கெடந்திருக்காங்க. கூப்பிட்டிருக்காங்க, மழைச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல.”

தமக்கையார் இதை நம்மிடம் சொல்லவில்லை; மகளிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து கேட்டபோது, “குழம்பு ஆறிப்போகிறது, சாமி” என்றார். அடுக்களையில் நின்றுகொண்டே ‘சாமி’ என்றார். சந்தையும் திருவரங்கமும் காட்டி மூன்று இரவுகளாகச் சேர்த்து வைத்த நம் வாதம் அத்தோடு முடிந்தது. ஒன்றரைக் கல் தொலைவில் காந்தி சந்தை அந்நேரம் விழித்துத்தான் இருந்திருக்கும். அதனால் கிணற்றடியில் கிடந்தவருக்கு என்ன பயன்? மருமகளிடம், “நீ சொல்வதே சரி, அழைத்துப் போ” என்றோம்.

அழுதவள் மகள், முடிவு செய்தவர் தாய். பொங்கல் கழிந்து செல்வதென்றும், தவக்காலத்துக்குள் திரும்புவதென்றும், மீண்டும் செல்வதை அப்போது பார்த்துக்கொள்ளலாமென்றும் கறாராகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை மறுநாளே கடைவீதிக்குச் சென்று அழைப்பு மணி ஒன்று வாங்கி வந்தார். மணி அடுத்த வீட்டுச் சுவரில். பொத்தான் ஒன்று கட்டிலருகே, மற்றொன்று கிணற்றடியில். கைப்பிடிக் கம்பியும் விளக்கும் கொத்தனார் வந்து பதித்தார். பேரன் பொத்தானைச் சோதித்துப் பார்த்தபோது இட்லிக்கார அம்மையார் மாவுக் கரண்டியோடு ஓடிவந்தார். இரண்டாம் முறை சோதித்தபோதும் வந்தார். மூன்றாம் முறை வந்தபோது அவன் காதைத் திருகினார்.

வீட்டுச் சாவி இப்போது அவரிடம் இருக்கிறது. சென்ற வாரம் தமக்கையார் சிங்கப்பூரிலிருந்து பேசினார். உணவங்காடியில் இட்லி உண்டாராம். துணியில் வேகாததால் பிடிக்கவில்லையாம். உறக்கம் எப்படி என்று கேட்டோம். நாள்தோறும் ஆறு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் விழிப்பு வந்துவிடுகிறது என்றார். நம் கடிகாரத்தில் அது மூன்றரை. அடுத்த வீட்டில் முதல் ஈடு ஊற்றும் நேரம்.