தண்ணீருக்கடியில் இருப்பது ஊர்

உளப்பகுப்பாய்வை விளாதிமிர் நபக்கோவ் அளவுக்கு வெளிப்படையாகப் பகைத்த வேறொரு நாவலாசிரியரை நான் அறியேன். தன் ருஷ்ய நாவல்கள் ஆங்கிலத்தில் வந்தபோது முன்னுரை எழுதி, பிராய்டின் சீடர்களை வாசலிலேயே மறித்தார். 1973இல் வந்த நேர்காணல் தொகுப்பிலும் அதே கோபம். பெரிய எழுத்தாளரின் பிடிவாதம் என்று பலர் அதைத் தள்ளிவிடுகிறார்கள். இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜில் இருந்துகொண்டு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்து மனிதர்களை எழுதும் எனக்கு அந்தக் கோபம் நியாயமாகவே படுகிறது.

அவருடைய தகப்பனார் 1922இல், பெர்லினில் ஓர் அரசியல் கூட்டத்தில், இன்னொருவரைக் காப்பாற்றப் போய்ச் சுடப்பட்டு இறந்தார். மகனுக்கு அப்போது 22 வயது. ஆண்பிள்ளை உள்ளுக்குள் தகப்பனின் சாவை விரும்புகிறான் என்று அந்த மகனிடம் போய்ச் சொன்னால் அவன் எப்படிப் பொறுப்பான்? தஸ்தயேவ்ஸ்கி விஷயத்தில் பிராய்ட் அதைத்தான் செய்தார். தஸ்தயேவ்ஸ்கியின் வலிப்பு நோயைத் தகப்பனின் சாவோடு முடிச்சுப் போட்டு 1928இல் கட்டுரை எழுதினார். அந்த முடிச்சுக்கு ஆதாரமாக வைத்த செய்திகள் நிற்கவில்லை என்று, தஸ்தயேவ்ஸ்கியின் வாழ்க்கையை எழுதிய ஜோசப் ஃபிராங்க் 1976இல் காட்டினார். விளக்கம் முந்திக்கொண்டது, வாழ்க்கையை அதற்கேற்ப வளைத்தார்கள். நாவல் எழுதுகிறவன் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

எங்கள் பக்கத்தில் இதன் இன்னொரு வடிவத்தை அடிக்கடி பார்க்கிறேன். மவுஸ்ஸாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். அதைப் பார்க்க வரும் படித்தவர்கள், மனதின் ஆழத்தில் புதைந்தது மேலே வருவதுபோல் இருக்கிறது என்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். அது யாருடைய ஆழ்மனமும் இல்லை. சனங்கள் சாமி கும்பிட்ட கோயில். மின்சாரத்துக்காக மூழ்கடிக்கப்பட்டது. அந்த மின்கம்பிகளுக்குக் கீழே எத்தனையோ லயங்கள் வருசக்கணக்காகக் குப்பிலாம்பில் கிடந்தன. ஒரு பொருளை இன்னொன்றின் அடையாளமாக மாற்றிய உடனே அந்தப் பொருளின் வரலாறு காணாமல் போகிறது.

பிராய்ட் சொல்லும் குடும்பத்தில் அப்பா, அம்மா, பிள்ளை, நடுவில் ஒரு மூடிய கதவு. லயக் காம்பராவில் அந்தக் கதவே கிடையாது. பாட்டியும் புதிதாய்க் கல்யாணமான சித்தப்பாவும் அதே காம்பராவில். கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. இந்தப் பிள்ளையின் முதல் ஏக்கத்தை எழுத வேண்டுமென்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கல்கத்தாவில் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய கிரீந்திரசேகர் போஸ், தாயை விரும்பித் தகப்பனைப் பகைக்கும் மகன் என்னும் வியன்னாவின் ஈடிப்பஸ் கோட்பாடு இந்தியாவில் அப்படியே பொருந்தாது என்று பிராய்டுடனேயே வாதாடினார். மதிக்க வேண்டிய துணிச்சல். ஆனாலும் திருத்திய விளக்கமும், பாத்திரம் வாய் திறக்குமுன்பே தயாராக இருக்கும் விளக்கம்தான். 'அம்மா வந்தாள்' நாவலை ஈடிப்பஸ் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் அலங்காரத்தம்மாளைப் பார்ப்பதே இல்லை. மகனை வேதம் படிக்க அனுப்பித் தன் பாவத்தைக் கழுவ நினைப்பவள் அவள். தான் செய்வது அவளுக்குத் தெரியும். தெரிந்தே செய்வதுதான் தி. ஜானகிராமன் நம்மைத் தூங்கவிடாமல் அடிக்கும் இடம்.

வைத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மனம் நொந்து பூச்சிமருந்துப் போத்தல் வரை போனவர்களைத் தோட்டத்தில் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுக்கும் ஆள் கட்டாயம் வேண்டும். தன் நோயாளிகளின் வரலாறுகள் சிறுகதைகள்போல அமைந்துவிடுகின்றன என்று பிராய்டே 1895இல் எழுதினார். கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவரும் நம்மவர்தான்.

என் நாவலில் ஒரு கிழவி சாமத்தில் எழும்பி லயத்து முன்வாசல் இஸ்தோப்பைக் கழுவுவாள். அவளுக்குச் சிறுவயதில் என்ன நடந்தது என்று ஓர் அத்தியாயம் எழுதுங்கள், எல்லாம் விளங்கிவிடும் என்றார் வாசித்த நண்பர். இலங்கை - இந்திய அரசுகளின் 1964 ஒப்பந்தத்தில் அவள் தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனது நாவலில் இருக்கிறது. புருஷனின் குடி இருக்கிறது. சுத்தத்தில் அவளுக்கிருந்த பெருமையும் இருக்கிறது. எதையும் காரணமென்று நான் முன்னே நிறுத்தவில்லை. மருமகள் விழித்துவிடக் கூடாதென்று வாளியை அவள் எப்படிச் சத்தமில்லாமல் இறக்கி வைப்பாள் என்பதைத்தான் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தப் பக்குவத்தில் அவள் முழுசாக இருக்கிறாள். நண்பர் கேட்ட அத்தியாயம் அடுத்த பதிப்பிலும் வராது.