வாத்தியார் கேட்ட ஒரு சொல்

இளமையில் எதிரெதிர் அணிகளில் ஆடிய அரியலூர்க்காரர்களாகிய நாங்களும் பெரம்பலூர் நண்பர்களும், தலை நரைத்துவிட்ட இந்நாளிலும் கூடினால் பேச்சு கிரிக்கெட்டில்தான் வந்து நிற்கும். அண்மையில் ஒரு மாலை, தேநீர்க் கடையில் 1986ஆம் ஆண்டின் சேப்பாக்கம் டெஸ்ட் பந்தயம் மீண்டும் உயிர்பெற்றது.

செப்டம்பர் 22. ஆஸ்திரேலியாவை வெல்ல இந்தியாவுக்கு 348 ஓட்டங்கள் தேவை. 347 எடுத்தாயிற்று, கைவசம் ஒரே விக்கெட். கிரெக் மாத்யூஸ் வீசிய பந்து மணிந்தர் சிங்கின் காலில் பட, நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாம் முறையாக ஓர் ஆட்டம் சமனில் முடிந்தது. பந்து முதலில் மட்டையில் பட்டது என்றே மணிந்தர் கூறிவந்தார். அதன்பின் விக்ரம்ராஜு எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவில்லை. வானொலியைச் சூழ்ந்திருந்த நாங்கள் அன்று அவரை ஏசாத ஏச்சில்லை.

“இன்றாக இருந்தால் மறுபரிசீலனை கேட்டிருக்கலாம்” என்றார் பெரம்பலூர் நண்பர் ஒருவர். உண்மைதான். 2008இல் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய டெஸ்டில் முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை அது. நெடுங்காலம் தயங்கிய இந்திய வாரியம், 2016இல் இங்கிலாந்துக்கு எதிரான ராஜ்கோட் டெஸ்டில் அதற்கு இணங்கியது. பந்து மட்டையை உரசும் மெல்லொலியையும் இன்று கருவி காட்டிவிடுகிறது. தீர்ப்பு தவறென்று தெரிந்தால், நடுவர் கைகளை மார்பின் குறுக்கே வைத்து இரு தோள்களையும் தொட்டு, தம் தீர்ப்பைத் தாமே திரும்பப் பெறுகிறார். ‘என் பாவமே’ என்று மார்பில் தட்டிக்கொள்ளும் நமக்கு அந்தச் சைகை அந்நியமானதன்று.

அதைக் காணுந்தோறும் எங்கள் நினைவுக்கு வருபவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். 1990களில் இரு ஊர் அணிகளும் மோதிய ஆட்டங்களுக்கு அவரே நடுவர். ஒருமுறை, எங்கள் ஆட்டக்காரரின் மட்டையை உரசிச் சென்ற பந்தை விக்கெட் கீப்பர் பிடித்தார். வாத்தியாரோ ‘அவுட் இல்லை’ என்றார். நாங்கள் வென்றோம். “சொந்த ஊருக்குச் சாய்ந்துவிட்டார்” என்று பெரம்பலூர்ப் பிள்ளைகள் அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

திரும்பும் வழியில் அவர் கேட்டார்: “தம்பிகளா, மட்டையில் பட்டதா? பட்டிருந்தால் சொல்லுங்கள். அவர்கள் பஸ் ஏறுவதற்குள் போய் என் பிழையை ஒப்புக்கொண்டு வருகிறேன்.”

“படவில்லை, சார்” என்றோம்.

உரசிய ஒலியைக் கேட்ட செவிகள் எங்களுடையவை. அன்று அவருக்கு வாய்த்த ஒரே கருவி நாங்கள்தாம். அந்தக் கருவி பொய் சொல்லிற்று. தவறியவர் அவர், ஆனால் தவற்றைத் திருத்திக்கொள்ளும் வழியை அவருக்கு அடைத்தவர்கள் நாங்கள். அதன்பின் அவர் மைதானத்தின் பக்கம் வரவேயில்லை.

இத்தனை ஆண்டுகளுக்குப் பின், அந்தத் தேநீர்க் கடையில்தான் இதை வாய்விட்டுச் சொன்னோம். பெரம்பலூர் நண்பர் சினம் கொள்ளவில்லை.

“எங்களுக்கு ஓர் ஆட்டம் போயிற்று, அவ்வளவுதான். வாத்தியாரிடம் சொன்னீர்களா?” என்று மட்டும் கேட்டார்.

வாத்தியார் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அவர் கேட்ட அந்த ஒரு சொல்லைத்தான் உரிய காலத்தில் கொடுக்கவில்லை. அன்பர்களே, நீங்கள் சொல்ல வேண்டிய ஒருவர் இன்னும் உயிரோடு இருந்தால், இன்றே போய்ச் சொல்லிவிடுங்கள்.