விசையும் விலையும்

மலையேறும் வண்டிக்கு எவ்வளவு விசை வேண்டும் என்னும் கேள்வி கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குப் புதிதன்று. குமுளிக்கும் கம்பம் மெட்டுக்கும் போடி மெட்டுக்கும் ஏறி இறங்காமல் இங்கே ஏலக்காய் வணிகம் நடவாது. ஆயினும் இருபது வயதில் நாம் விசையை விரும்பியது மலைக்காக அன்று, பெருமைக்காக.

அது 1976ஆம் ஆண்டு. தேனி அப்போது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. உத்தமபாளையத்தில் நம் மாமுவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டை மூலமாகக் கொண்டு 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி அது. அந்த ஹெரால்டின் வழியிலேயே 1962இல் அங்கே ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. மாமுவின் வண்டிக்கு 948 சி.சி. எஞ்சின், ஒரு கார்புரேட்டர். ஸ்பிட்ஃபயருக்கோ 1147 சி.சி., இரண்டு கார்புரேட்டர்கள், 63 குதிரைத்திறன். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் விசை கூட்டப்பட்ட ஹெரால்டுகளும் ஓடின. அச்செய்திகளைப் படித்த நமக்கு மாமுவின் வண்டி உறையிலிட்ட வாளாகத் தோன்றியது.

இரட்டைக் கார்புரேட்டர் வாங்க நம்மிடம் பணமில்லை. செலவு குறைந்த வழியொன்று இருந்தது. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சிறிது சீவிவிட்டால் எரிஅறை சுருங்கும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முன்னிலும் இறுக்கமாக அழுத்தப்படும். அதே எரிபொருளில் கூடுதல் விசை பிறக்கும். 'சர்வீஸ் செய்து வருகிறோம்' என்று மாமுவிடம் கூறி, வண்டியைத் தேனிக்குக் கொண்டுபோய் அவ்வாறே செய்தோம். கூறியது பொய் என்பதை நாம் அறிந்தே இருந்தோம்.

திரும்பும்போது சமவெளிச் சாலையில் வண்டி பறந்தது. சின்னமனூர் வந்ததும் தெரியவில்லை, கடந்ததும் தெரியவில்லை. நாம் தரையிலேயே இல்லை.

மூன்றாம் நாள் மாமுவுக்குக் கூலி நாள். தோட்டத்தில் வேலை செய்தோர்க்குப் பணம் எடுத்துக்கொண்டு கம்பம் மெட்டு வழியாகப் புறப்பட்டார். நாம் வண்டியோட்டினோம். வளைவுகள் தொடங்கியதும் எஞ்சினுக்குள் தகர டப்பாவில் கோலிக்குண்டுகளை இட்டுக் குலுக்கியது போல் ஓசை எழுந்தது. அழுத்தம் மிகுந்த அறையில், ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோல், தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன் தானாகவே வெடிக்கும் ஓசை அது. சமவெளியில் சுமை குறைவு. அதனால் குறை வெளிப்படவில்லை. ஏற்றத்தில், முழு ஆக்சிலரேட்டரில், மெல்ல ஊரும்போது வெளிப்பட்டது. நாம் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டுமே! இரண்டு வளைவுகளுக்கு அப்பால் ஹெட் கேஸ்கட் எரிந்து, வெண்புகை சூழ வண்டி தானே நின்றது.

மாமு ஒன்றும் கேட்கவில்லை. பணப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, மேலே சென்ற ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டார். பொழுதோடு கூலி வாங்கி அரிசி வாங்க வேண்டியவர்கள் இருட்டும்வரை காத்திருந்தார்கள் என்பதைப் பிறகு அறிந்தோம். கூலியை ஒருநாளும் தாமதித்தறியாத மனிதர் அவர்.

வண்டியைக் கம்பத்துக்கு இழுத்து வந்தோம். ஹெட்டைக் கழற்றிய முதிய மெக்கானிக் நம் திருட்டை ஒரு பார்வையில் கண்டுகொண்டார். "தம்பி, இந்த எஞ்சின் தொலைச்சதை முதல்ல தேடிக் குடுங்க, அதிகம் கேக்கிறது அப்புறம்" என்றார். தடித்த கேஸ்கட்டு வைத்து அழுத்தத்தைப் பழைய அளவுக்கு இறக்கினார். வால்வுகளைத் தேய்த்து அமர்த்தினார், கரியைச் சுரண்டினார், கார்புரேட்டரின் ஜெட்டைத் துப்புரவு செய்தார், தேய்ந்த பாயிண்டை மாற்றித் தீப்பொறியின் நேரத்தைச் சரிசெய்தார். புதிதாக அவர் எதையும் கூட்டவில்லை. ஆயினும் அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் வண்டி ஓசையின்றி ஏறியது. கசிவிலும் தேய்விலும் இத்தனை காலம் இழந்துகொண்டிருந்த விசையே அது.

மாமுவிடம் உண்மையைச் சொன்னோம். "வண்டி போனாப் போகட்டும், சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாமே" என்றார். அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இன்று நம் பேரன் பழைய ஹெரால்டு ஒன்றைத் தேடி வாங்கியிருக்கிறான். இரட்டைக் கார்புரேட்டர் பூட்ட ஆசை. பெட்ரோலின் தரமும் இப்போது உயர்ந்திருக்கிறது. நாம் அவனைத் தடுக்கவில்லை. பிரேக்கையும் ரேடியேட்டரையும் முதலில் பார்க்கச் சொன்னோம். கம்பம் மெட்டு ஏற்றத்தில் நாம் நின்ற அந்த வளைவுக்கும் ஒருமுறை அழைத்துச் சென்று, மாமு ஜீப்பில் தொற்றிய இடத்தைக் காட்டினோம். அங்கே சற்று நேரம் நின்றவன், "அவங்களுக்கு அன்னிக்கு ராத்திரி சோறு கிடைச்சுதா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியை நாம் அன்றே கேட்டிருக்க வேண்டும்.