எழுவாயிலிருந்து தொடங்குகிறேன்

ஜூன் 9, திங்கள்
இந்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் என் பொறுப்பு. அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். "மை ஃபாதர் ஆட்டோ டிரைவ்" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். "மை ஃபாதர் மில் ஒர்க்" என்று ஒரு பையன். சிவப்பு மையால் சுழிக்க மனம் வரவில்லை. வினை கடைசியில் வரவேண்டும் என்ற தமிழ் முறையைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறார்கள். இலக்கணமே தெரியாத பிள்ளைகள் என்று இவர்களை எப்படிச் சொல்வது?

ஜூன் 10, செவ்வாய்
பலகையில் இரண்டு வரிகள்: நாய் பூனையைத் துரத்தியது. பூனையை நாய் துரத்தியது. துரத்தியது யார்? இரண்டிலும் நாய்தான் என்றார்கள். எப்படித் தெரியும்? "பூனைக்குத்தானே டீச்சர் 'ஐ' இருக்கு!" அதேதான். ஆங்கிலத்தில் 'டாக்', 'கேட்' இரண்டையும் இடம் மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை தேய்ந்து உதிர்ந்தபின் அந்த வேலையைச் சொல் நிற்கும் இடம் ஏற்றுக்கொண்டது. 'ஹி–ஹிம்', 'ஷி–ஹெர்' போன்றவற்றில் மட்டும் பழைய வேறுபாடு தங்கியிருக்கிறது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையை மனப்பாடம் செய்யச் சொன்னால் மறந்துபோகும். உருபு இல்லாத மொழிக்கு இடம்தான் உருபு என்று புரிந்தால் மறக்காது.

ஜூன் 12, வியாழன்
"ஹி கோ" ஓயவில்லை. "அவன் போகிறேன்" என்று பலகையில் எழுதினேன், வகுப்பே சிரித்தது. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று எழுவாய்க்கேற்ப விகுதியை மாற்றுவது இவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. ஆங்கிலம் அந்த விகுதிகளில் பெரும்பாலானவற்றை இழந்துவிட்டது. நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் 'எஸ்' மிச்சம். "அந்த ஒண்ணுதானா டீச்சர்?" என்றான் மில் தொழிலாளியின் மகன். 'ஆம், இஸ், ஆர்' வகையறாவை விட்டுவிட்டால் அந்த ஒன்றுதான். அதுவும் இங்கிலாந்தின் வடபகுதி வழக்கிலிருந்து பரவியது. 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் 'கோஸ்' இருக்கவேண்டிய இடத்தில் 'கோயெத்' என்ற பழைய வடிவம் நிற்கிறது.

உண்மையான சிக்கல் வேறு. பெயர்ச்சொல்லில் பன்மைக்கு 'எஸ்' என்று முன்பே படித்துவிட்டார்கள். அதனால் பலர் என்றால் வினைக்கும் 'எஸ்' என்று நினைத்து "பாய்ஸ் ரன்ஸ்" என்று எழுதுகிறார்கள். இரண்டு 'எஸ்'ஸும் வெவ்வேறு என்பதை நம் பயிற்சி நூல்கள் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்துக் காட்டவேண்டும். இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஜூன் 13, வெள்ளி
கேள்வி வாக்கியம். தமிழில் 'ஆ' ஒட்டினால் முடிந்தது: போகிறான், போகிறானா. ஆங்கிலத்தில் 'டூ' முன்னால் வந்து நிற்கும். அவன், அவள் என்றால் 'எஸ்' வினையை விட்டு அதோடு சேர்ந்து 'டஸ்' ஆகிவிடும். "டஸ் ஹி கோஸ்" ஏன் தவறு என்பதை வியாழக்கிழமைப் பாடத்தை வைத்து அவர்களே சொன்னார்கள்.

ஜூன் 17, செவ்வாய்
'எ', 'ஆன்'. இதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஒரு வீடு, ஓர் ஊர் என்று தமிழையா சொல்லித்தந்திருக்கிறார். உயிரெழுத்துக்கு முன் ஓர். ஆங்கிலத்திலும் அதே வழிதான். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துகளைத் தேடுவதால்தான் பிள்ளைகள் "ஆன் யூனிஃபார்ம்" என்கிறார்கள். பார்க்கவேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள் என்றேன். 'யூனிஃபார்ம்' உயிர்மெய்யில் தொடங்குகிறது, ஆகவே 'எ'. மணியைக் குறிக்கும் 'அவர்' அகரத்தில் தொடங்குகிறது, ஆகவே 'ஆன்'. 'எம்.எல்.ஏ.'வுக்கும் 'ஆன்'. 'ஒன்-வே' வந்தபோது இந்த வழி உதவவில்லை. நாம் 'ஒ' போட்டு எழுதினாலும் ஆங்கில ஒலி வகரம். "வன்னுன்னு சொன்னா சரியாயிடும்" என்று கடைசி பெஞ்சுப் பெண் தீர்த்துவைத்தாள். எழுதிப் பார்ப்பதைவிடச் சொல்லிப் பார்ப்பது நம்பகமானது என்பதை வகுப்பு அவளிடம் கற்றது.

ஜூன் 20, வெள்ளி
திங்களன்று 'தி'. கதையில் இருந்து தொடங்குவதாக இருக்கிறேன்: ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது, அந்தச் சிங்கத்துக்குப் பசி. முதலில் 'ஒரு', அறிமுகம் ஆனபின் 'அந்த'. பாதித் தூரம் இது கொண்டுபோய்ச் சேர்க்கும். 'தி சன்' வரும்போது சேர்க்காது. அந்தச் சூரியன் உதித்தது என்று நாம் சொல்வதில்லை. உலகில் ஒன்றே இருப்பவற்றுக்குத் தனியாக ஒரு பாடம் ஒதுக்க வேண்டும்.