குணசேகரனுக்காக ஒரு செபமாலை

தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று தோழியர் கேட்டனர். எழுதலாம் என்றே நினைக்கிறேன். நம் மாணவியருள் எத்தனை பேர் வீட்டில் இரவு ஒன்பதரை மணிக்கு ‘எதிர்நீச்சல்’ ஓடியது என்று கேட்டால், கை தூக்காதவர்களை எண்ணுவதுதான் எளிது! மடத்துச் சகோதரிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

திருச்செல்வம் இயக்கிய இத்தொடர் 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கி 2024 ஜூனில் நிறைவுற்றது. ஆதி குணசேகரன் என்பவரின் வீட்டுக்குப் படித்த பெண்கள் மருமக்களாய் வருகிறார்கள். வந்தபின் அவர்களுக்கு அடுப்படிதான் உலகம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்னும் நால்வரும் அந்த வீட்டுக்குள் எப்படி மூச்சுவிட்டார்கள் என்பதே கதை.

நாடகம் பார்த்து அழுவதைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் சகோதரி ஒருவர் ஒருநாள் பேசினார். புனித அகுஸ்தீனார் இளமையில் கார்த்தேஜ் நகரத்து நாடகங்களுக்கு ஓடி ஓடிப் போனவராம். மேடையில் நடக்கும் பொய்த் துன்பத்துக்காகக் கண்ணீர்விட்டு, அந்தக் கண்ணீரிலேயே சுகம் கண்டவராம். பார்ப்பவனை யாரும் உதவிக்கு அழைப்பதில்லை, அழ மட்டுமே அழைக்கிறார்கள் என்று பிற்காலத்தில் எழுதிவைத்தாராம். அத்தகைய பெரியவரோடு வாதாட எனக்கு வயது போதாது. ஆயினும் எங்கள் வீட்டில் அந்தக் கண்ணீர் சற்று வேறுவிதமாக வேலை செய்தது.

என் அம்மா வணிகவியல் பட்டதாரி. மணமான புதிதில் அவருக்கு ஒரு வேலைக்கான ஆணை வந்தது. “நம்ம வீட்டுப் பொம்பளைக வேலைக்குப் போனா ஊரு என்ன பேசும்?” என்றாராம் தாத்தா. பேச்சு அத்தோடு முடிந்தது. அந்த ஆணை எங்கள் வீட்டு விவிலியத்துக்குள் நான்காய் மடித்தபடி இன்றும் இருக்கிறது. தாத்தா நான் பிறக்குமுன்பே இறைவனடி சேர்ந்துவிட்டார்.

குணசேகரன் திரையில் தோன்றி “இந்தாம்மா... ஏய்!” என்றதும் அப்பத்தா வெற்றிலை உரலைத் தள்ளி வைத்துவிடுவார். “பாவிப்பய! இவன் நல்லாருப்பானா?” என்று தொடங்கினால் விளம்பரம் வரும்வரை ஓயாது. 2023-இல் தங்கை ஆதிரையை அவள் விரும்பியவனுக்குக் கொடாமல் கரிகாலனுக்கு வலிந்து கட்டிவைத்தபோது, என் அம்மா இரண்டு நாட்கள் அப்பாவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. “நான் என்னம்மா செஞ்சேன்?” என்று அப்பா என்னிடம் வந்து கேட்டார். பாவம், அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. ஒருநாள் அப்பத்தா திரையைப் பார்த்தபடியே, “உங்க தாத்தா இப்படித்தான் பேசுவாரு” என்றார். அம்மா திரும்பிப் பார்த்தார். வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தப் பாத்திரமாக வாழ்ந்தவர் மாரிமுத்து. தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கத்துக்காரர். பல ஆண்டுகள் உதவி இயக்குநராக இருந்து, 2008-இல் ‘கண்ணும் கண்ணும்’, 2014-இல் ‘புலிவால்’ ஆகிய படங்களை இயக்கியவர். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கதாநாயகியின் தந்தையாக வந்தவரும் இவரே. தொடர்களில் வரும் வில்லன்கள் கண்ணை உருட்டுவார்கள். பின்னால் இசை முழங்கும். இவரோ பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையில் அமர்ந்து புத்தி சொல்வதுபோல் பேசினார். தாம் சொல்வது நியாயமென்று முழுமனத்தோடு நம்பிப் பேசினார். அதனால்தான் எங்களுக்கு அத்தனை கோபம் வந்தது என்பது என் எண்ணம்.

நடிகரையும் பாத்திரத்தையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1987-இல் தூர்தர்ஷனில் ‘ராமாயணம்’ தொடங்கியபோது தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலை போட்டுக் கும்பிட்டார்களாம். அதில் சீதையாக நடித்த தீபிகாவும் இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991-இல் குஜராத்திலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இராவணனுக்கும் வாக்களித்திருக்கிறார்கள், பாருங்கள்!

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. தேவமாதாவின் பிறப்புத் திருவிழா. காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியிருந்தோம். தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்து, மருத்துவமனையில் உயிர் பிரிந்தது என்று கைபேசியில் செய்தி வந்தது. அப்பா படித்துச் சொன்னார்.

“கதையிலயா, நெசமாவா?” என்றார் அப்பத்தா.

“நெசமாத்தான் அத்தை” என்றார் அம்மா.

முந்தின இரவுகூட, நாசமாய்ப் போவான் என்று திட்டிய வாய் அது. அப்பத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று மாலை செபமாலையில், இறந்தோருக்காக வேண்டும் இடத்தில் அம்மா சற்றுத் தயங்கினார். எந்தப் பெயரைச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை போலும். “குணசேகரன்னே சொல்லு, மாதாவுக்குத் தெரியும்” என்றார் அப்பத்தா. பிறகு, “உங்க மாமாவையும் சேத்துக்க” என்றார் மெல்ல.

பின்னர் அப்பாத்திரத்தை எழுத்தாளர் வேல ராமமூர்த்தி ஏற்றார். அவரும் கம்பீரமான நடிகரே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அப்பத்தாவுக்குப் பிடிபடவில்லை. “இந்த மனுசனத் திட்ட வாய் வரமாட்டேங்குது” என்று சொல்லி, ஒன்பது மணிக்கே பாயை விரித்துவிடுவார். அம்மா மட்டும் கடைசி நாள்வரை பார்த்தார்.

தொடர் முடிந்த அன்றிரவு அப்பா விவிலியத்திலிருந்து அந்த ஆணையைத் தாமே எடுத்து, விளக்கடியில் பிடித்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். சம்பளத் தொகையை மட்டும் வாய்விட்டுப் படித்தார். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. அப்பா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார்.