முள் அசைவதற்கு முன்

சேன் பியேர், ரெயூனியோன் தீவு
நவம்பர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே கரும்பு வெட்டு முடியப்போகிறது. ஜூலையில் தொடங்கியது, டிசம்பரோடு லெ கோல் ஆலையும் புவா ரூழ் ஆலையும் அரைவையை நிறுத்திவிடும். உங்கள் பக்கம் அதற்கப்புறம்தான் வேலை மும்முரமாகும். கடனில் டிராக்டர் எடுத்திருக்கிறாய், இரண்டு டிரெய்லர் மாட்டித் திருக்கனூர்ப் பக்கத்துக் கரும்பை முண்டியம்பாக்கம் ஆலைக்கு ஓட்டப்போகிறாய் என்று சித்தி போனில் சொன்னார்கள். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு ஆலை ஓடிக்கொண்டிருந்தால் உனக்கு இவ்வளவு தூரமே இல்லை. சரி, போகத்தான் வேண்டும் என்றான பிறகு வண்டியின் சூட்டைப் பற்றி உனக்கு எழுதாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் இங்கே ஓட்டுவது டீசல் பிக்கப். பின்னால் டிரெய்லர், அதில் மாட்டுத்தீவனம். கடற்கரையில் இருக்கும் சேன் பியேரிலிருந்து லெ தம்போன் வழியாகப் பிளேன் தே கஃபர் மேட்டுநிலத்துக்குப் போகவேண்டும். பால்மாட்டுப் பண்ணைகள் அங்கேதான். அந்தச் சாலையோர ஊர்களுக்குக் கிலோமீட்டர் எண்ணையே பெயராகச் சொல்கிறார்கள்: பதினான்காவது, பத்தொன்பதாவது, இருபத்துமூன்றாவது. இருபத்தேழாவது கிலோமீட்டரில் இருக்கும் பூர்க் முய்ரா 1500 மீட்டருக்கும் மேலான உயரம். இடையில் இறக்கமே கிடையாது என்றுகூடச் சொல்லலாம். இப்படிப்பட்ட பிக்கப்புகள் பலவற்றுக்கு, பிரேக் உள்ள டிரெய்லரானால் 3500 கிலோ வரை இழுக்க அனுமதி உண்டு. காகிதத்தில் உள்ள அந்த எடையை அந்த ஏற்றத்தில் வண்டி எப்படித் தாங்குகிறது என்பதை ஓட்டுகிறவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பதற்கு மூன்று சூடு இருக்கிறது தம்பி. மூன்றும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. புகையின் சூடு நொடிக் கணக்கில் ஏறும். ரேடியேட்டர் தண்ணீரின் சூடு நிமிடக் கணக்கு. கியர்பாக்ஸ் எண்ணெய் அதைவிட மெதுவாக ஏறும், இறங்கவும் அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் நமக்குக் காட்டுவதோ பெரும்பாலும் தண்ணீர்ச் சூடு ஒன்றைத்தான். அதிலும் புது வண்டிகளில் அந்த முள்ளை நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். தண்ணீர் 80 டிகிரியில் இருந்தாலும் 105-ஐத் தொட்டாலும் முள் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிகள் உண்டு. அது மேலே நகர ஆரம்பிக்கும்போது கையில் மிச்சமிருக்கும் நேரம் கொஞ்சம்தான்.

அதனால் நான் முதலில் பார்ப்பது புகைச் சூட்டை. டர்போவுக்கு முன்னால் குழாயில் ஒரு துளை போட்டு உணர்கம்பி ஒன்றைப் பொருத்தி, தனியாக மீட்டர் வைத்திருக்கிறேன். 700 டிகிரிக்கு மேல் நெடுநேரம் நிற்கவிடக் கூடாது என்பது பழைய டீசல் ஆட்கள் வைத்திருக்கும் எல்லை. சுத்த அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டனும் அலுமினியக் கலவைதான். அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது. டீசல் இன்ஜினில் பெடலை அழுத்தினால் கூடுவது எரிபொருள். அதற்கு ஈடாகக் காற்று கூடாவிட்டால் சூடு எகிறும். மேட்டில் காற்றும் மெலிவு. பதினான்காவது கிலோமீட்டரிலேயே அந்த மீட்டர் ஏறிவிடும், தண்ணீர் முள் ஒன்றுமே அறியாததுபோல நடுவில் நிற்கும். அப்போது பெடலை மேலும் மிதிக்காமல் ஒரு கியர் குறைத்துவிடுவேன். இன்ஜின் வேகமாகச் சுழலும், சத்தம் கூடும். ஆனால் டர்போ கூடுதல் காற்றைத் தள்ளும், வாட்டர் பம்பும் ஃபேனும் வேகமெடுக்கும். சத்தம் கேட்டதும் வண்டி திணறுகிறது என்று பயந்து மேல் கியருக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இரண்டாவது, கியர்பாக்ஸ். என் வண்டி ஆட்டோமேட்டிக். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கிச் சுழலும் நேரமெல்லாம் எண்ணெய்தான் சூட்டை வாங்குகிறது. சாதாரணமாக 80லிருந்து 95 வரை இருக்கும். 120-ஐத் தாண்டினால் எண்ணெய் கெட ஆரம்பித்துவிடும்; அதன் பிறகு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பட்டறைக் கணக்கு. எங்கள் தெருக்காரர் ஒருவர் வண்டியில் தண்ணீர் முள் ஒரு நாளும் நடுவை விட்டு நகர்ந்ததில்லை. பட்டறையில் கியர் எண்ணெயை இறக்கியபோது கறுப்பாக, கருகிய வாடையோடு வந்தது. அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. ஸ்டியரிங் அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் சொருகினால், பல வண்டிகளில் இந்த எண்ணெய்ச் சூடு கைபேசியிலேயே வந்துவிடும். விலையும் அதிகமில்லை.

இதெல்லாம் மலைத்தீவுக் கதை, நமக்கென்ன என்று நினைக்காதே. உன் சாலையில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிராக்டர் போகும் வேகத்துக்கு எதிர்க்காற்று என்று ஒன்று கிடையாது; எல்லாக் காற்றையும் ஃபேன்தான் இழுக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் காற்றே நெருப்பு. கரும்புச் சோகையும் புழுதியும் ரேடியேட்டர் முன்னால் இருக்கும் வலையில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு நடைக்கும் முன்னால் அதைத் தட்டிவிட வேண்டும். ரேடியேட்டர் கண்களில் அடைந்த குப்பையை இன்ஜின் பக்கத்திலிருந்து காற்றடித்து வெளியே தள்ளு. முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய் இறுகும். போர் தண்ணீரை ஊற்றாதே. நம் பக்கத்து உப்புத்தண்ணீர் உள்ளே படிந்து குழாய்களை அடைத்துவிடும். கலந்து விற்கும் கூலன்ட்டையே ஊற்று. உனக்கு ஆட்டோ கியர் இல்லை, ஆனால் கிளட்ச் இருக்கிறது. ஆலை வரிசையில் இன்ச் இன்ச்சாக நகரும்போது பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைத்தால் பிளேட் வெந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், உன் டிராக்டரில் அந்த முள் வேலை செய்கிறதா என்று பார். செகண்ட் ஹாண்ட் வண்டிகளில் பாதிக்கு ஒயரை எலி கடித்திருக்கும், யாரும் மாற்றுவதில்லை. இன்னொன்றும் கவனத்தில் வை: சூடாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதே. தண்ணீர் ஒழுகிப்போய் சென்சார் வெறும் ஆவியில் நிற்கிறது என்று அதற்குப் பொருள் இருக்கலாம். உடனே ஓரங்கட்டு. தண்ணீர் இருந்து முள் ஏறினால் மட்டும் சுமையில்லாமல் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு ஆறவிடு. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதே. அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும், திறந்ததும் முகத்தில் பாயும். கொதித்த இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

நீயே ஓட்டாமல் டிரைவர் வைத்தால் அவருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசுவாய். அப்படிப் பேசினால், ஆறவைக்க நிற்கும் நேரம் அவர் சம்பளத்திலிருந்து போகிறது. முள் சிவப்பில் நின்றாலும் ஓட்டத்தான் செய்வார். நின்ற நேரத்துக்கும் சேர்த்துக் கொடு. 1860-களில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி இந்தத் தீவின் கரும்புக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களோடு நான் தினமும் பேசுகிறேன். மனிதர்கள் சூட்டில் எத்தனை மணிநேரம் நின்றார்கள் என்பதை அந்தக் காலத்தில் எந்த முதலாளியும் அளந்து பார்க்கவில்லை. நம் வீட்டுக் கரும்பில் அப்படி நடக்க வேண்டாம்.

முதல் நடை போய்வந்ததும், முண்டியம்பாக்கம் வரிசையில் காத்திருந்தபோது முள் எங்கே நின்றது, மேம்பாலம் ஏறும்போது எங்கே போனது என்று எழுது. சித்திக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணன்